தழும்பைப் பற்றி நீங்களே முதலில் கேளுங்கள்: தைராய்டு அறுவை மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

தைராய்டு அறுவை முடிந்து மறுபரிசோதனைக்கு வரும் நோயாளியிடம் நீங்கள் தவறாமல் கேட்கும் கேள்விகள் சில உண்டு. குரலில் கரகரப்பு இருக்கிறதா, தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா, விரல் நுனிகளும் உதட்டோரமும் மரத்துப்போகின்றனவா, மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்பீர்கள். குரல்வளைக்குச் செல்லும் நரம்பும், உடலின் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டுச் சுரப்பிகளும் அறுவையின்போது கத்திக்கு மிக அருகில் இருப்பவை என்பதால் இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் வலுவான காரணம் இருக்கிறது. அவற்றை விட்டுவிடாத உங்கள் கவனத்தால் எத்தனையோ பேர் பெரிய சிக்கல்களிலிருந்து தப்பியிருக்கிறோம். அதன்பின் கழுத்தைச் சற்று நிமிர்த்தச் சொல்லி, தையல் போட்ட இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்து, "நன்றாக ஆறியிருக்கிறது" என்று சொல்வீர்கள். நோயாளி தலையாட்டுவார். கேஸ் ஷீட்டில் ஒரு வரி எழுதப்படும். அடுத்தவர் அழைக்கப்படுவார்.

அந்தத் தலையாட்டலை முழு ஒப்புதலாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். தைராய்டு முழுவதும் அகற்றப்பட்ட நோயாளி நான். மறுபரிசோதனைக்குக் காத்திருந்த வேளைகளில் என்னைப் போன்ற பலரோடு பேசியிருக்கிறேன். மாத்திரை அளவைப் பற்றியும் ரத்தப் பரிசோதனை எண்களைப் பற்றியும் தொடங்கும் அந்தப் பேச்சு, சிறிது நேரத்தில் பெரும்பாலும் கழுத்துக்கு வந்துவிடும். மருத்துவரின் அறைக்குள் அதே நபர்கள் தழும்பைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. வெளியே அத்தனை விரிவாகப் பேசப்படும் ஒன்று உள்ளே பேசப்படாமல் போவதற்கு வெட்கம்தான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த வெட்கத்தை நோயாளியால் தானாக உடைக்க முடிவதில்லை. அதை உடைக்கும் இடத்தில் இருப்பவர்கள் நீங்கள்.

வெட்கத்திற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. தைராய்டுப் புற்றுநோய் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. மற்றப் பல புற்றுநோய்களைவிட இளம் வயதிலேயே கண்டறியப்படுகிறது. அதில் மிகுதியாகக் காணப்படும் பாப்பில்லரி வகை, கழுத்தைத் தாண்டிப் பரவாத நிலையில், நூற்றில் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்டோரைப் பிழைக்கவிடுகிறது. ஆகவே நோயின் பெயரைச் சொல்லும் அதே மூச்சில், "பயப்படாதீர்கள், இது நல்ல வகைதான்" என்ற ஆறுதலும் வந்துவிடுகிறது. அந்த ஆறுதலில் பொய் இல்லை. சொல்பவரின் அன்பிலும் குறை இல்லை. ஆனால் 'நல்ல வகை' நோயிலிருந்து பிழைத்த ஒருவர், பிழைத்த கையோடு கழுத்தில் உள்ள கோட்டைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டால் நன்றி கெட்டவராகிவிடுவோமோ என்று அஞ்சத் தொடங்கிவிடுகிறார். வீட்டிலும் அதையே கேட்கிறார்: உயிரே மிஞ்சியிருக்கிறது, இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறாயே. புற்றுநோயே இல்லாமல் வெறும் கட்டிக்காக அறுவை செய்துகொண்டவர்களின் நிலை இன்னும் சங்கடமானது. புற்றுநோய் இல்லை என்று முடிவு வந்த பிறகு தழும்புக்காக வருந்தும் உரிமையே தமக்கில்லை என்று அவர்கள் நினைக்கிறார்கள்.

கழுத்து மறைக்க முடியாத இடம். வயிற்றிலோ முதுகிலோ உள்ள தழும்பை யாருக்குக் காட்டுவது, யாருக்கு மறைப்பது என்று அதை உடையவர் முடிவு செய்துகொள்ளலாம். கழுத்தின் நடுவில், முகத்திற்கு அடுத்தபடியாக எதிரில் இருப்பவரின் பார்வை விழும் இடத்தில் இருக்கும் தழும்புக்கு அந்த வசதி இல்லை. பேசிக்கொண்டிருப்பவரின் கண் ஒரு நொடி கீழே இறங்கி மீண்டும் மேலே ஏறும்போது, அவர் கேட்காமல் விட்ட கேள்வி என்னவென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. சிலர் கேட்டும் விடுகிறார்கள். குழந்தைகள், "உங்கள யாராவது வெட்டிட்டாங்களா?" என்று நேராகக் கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்வது எளிது. பெரியவர்கள் சிலர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வாழ்க்கையில் அப்படி என்ன கஷ்டம் வந்தது என்று கேட்பதுதான் கடினம். தற்கொலை முயற்சியா என்ற சந்தேகத்தோடு கேட்கப்படும் அந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். முன்பின் தெரியாத ஒருவரிடம் தம் நோயின் வரலாற்றைச் சொல்வதா, அல்லது அவர் நினைப்பதையே நினைக்கட்டும் என்று விட்டுவிடுவதா என்று அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

பார்வைக்குத் தெரியும் கோடு மட்டுமே தழும்பு என்று நினைத்துவிடவும் கூடாது. நடுத்தர வயதுள்ள ஒருவர், பள்ளி ஆசிரியர், அறுவைக்குப் பிறகு முதன்முறையாகச் சவரம் செய்துகொண்டதை என்னிடம் விவரித்தார். தாடைக்குக் கீழே பிளேடு இறங்கி, தழும்புக்கு மேலுள்ள பகுதிக்கு வந்ததும் தோலில் எந்த உணர்வும் இல்லை. வேறொருவர் கழுத்தில் பிளேடு ஓடுவதுபோல் இருந்தது. அழுத்தம் தெரியாததால் வெட்டிக்கொண்டார். வெட்டியதையும் கண்ணாடியில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அறிந்தார். தோலை மேலே உயர்த்தும்போது அதன் நுண்ணிய உணர்வு நரம்புகள் அறுபடுவதால் அந்த மரப்பு வருகிறது என்பதும், பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அது குறையும் என்பதும் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த செய்தி. அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தமக்கு மட்டும் ஏதோ தவறாக நடந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டே அவர் அந்த மாதங்களைக் கழித்திருக்கிறார். ஆண்களுக்குத் தழும்பு ஒரு பொருட்டில்லை என்ற எண்ணம் எத்தனை தவறு என்பதை அவரிடம்தான் உணர்ந்தேன். வகுப்பில் மாணவர்கள் பார்க்கக்கூடாது என்பதற்காக வெயில் காலத்திலும் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொள்கிறார். அந்தக் காலர் விளிம்பு தழும்பின் மேலேயே உரசுகிறது. உரச உரச அரிக்கிறது.

இன்னும் சிலருக்குத் தழும்பு உள்ளே உள்ள தசையோடு ஒட்டிக்கொள்கிறது. விழுங்கும்போதெல்லாம் கழுத்தின் நடுத்தோல் உள்ளே இழுபட்டு மேலேறி இறங்குவது எதிரே உட்கார்ந்து சாப்பிடுபவருக்குத் தெரிகிறது. உடையவருக்கோ யாரோ கழுத்தைப் பிடித்திருப்பதாகவே உணர்வு. கூட்டமாக உட்கார்ந்து உண்பதையே தவிர்த்துவிட்ட ஒரு பெண்ணிடம், மருத்துவரிடம் இதைச் சொன்னீர்களா என்று கேட்டேன். "கால்சியம் சரியாக இருக்கிறது என்றார். அதன்பின் இதை எப்படிக் கேட்பது?" என்றார் அவர்.

உங்கள் துறையின் வரலாற்றிலேயே எங்கள் பக்கத்து வாதத்திற்கு மிக வலுவான சான்று இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தைராய்டு அறுவை என்றால் மரணத்திற்கு அருகில் செல்வது என்று பொருள். ரத்தப்போக்கும் சீழும் நோயாளிகளில் பலரைக் கொன்றன. அந்நிலையை மாற்றியவர்களில் தலையாயவர் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரைச் சேர்ந்த தியோடோர் கோக்கர். ரத்தக் குழாய்களைப் பொறுமையாகக் கட்டி, கிருமி நீக்கத்தைக் கடுமையாகப் பின்பற்றி, இறப்பு விகிதத்தை அவர் நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே கொண்டுவந்தார். தைராய்டு குறித்த பணிக்காக 1909இல் நோபல் பரிசு பெற்றார். கழுத்தின் குறுக்கே, தோலின் மடிப்பை ஒட்டி வளைவாகப் போடும் கீறல் இன்றும் அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. நெடுக்காகக் கிழிப்பதைவிடக் குறுக்காகக் கீறினால் தழும்பு குறைவாகத் தெரியும் என்ற அக்கறை அந்தக் கீறலிலேயே அடங்கியிருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்றும் அவர் வாழ்க்கையில் உண்டு. முழுச் சுரப்பியையும் அகற்றிய தம் நோயாளிகள் நலமாக இருக்கிறார்கள் என்றே கோக்கர் நம்பிக்கொண்டிருந்தார். காயம் ஆறியிருந்தது, உயிர் பிழைத்திருந்தார்கள், வீட்டுக்கும் போய்விட்டார்கள். 1874இல் அவர் அறுவை செய்த ஒரு சிறுமி வளர்ச்சி நின்று மந்தமாகிவிட்டாள் என்று சிறுமியை அனுப்பிய மருத்துவர் சொன்னதும், முழு அறுவைக்குப் பின் வரும் மாற்றங்களைப் பற்றி 1882இல் ஜெனீவாவின் அறுவை மருத்துவர் ரெவெர்டின் அவரிடம் பேசியதும் அவரை உலுக்கின. பழைய நோயாளிகளைத் திரும்ப அழைத்தார். வந்தவர்களில் முழுச் சுரப்பியும் அகற்றப்பட்டிருந்தவர்கள் பெரும்பாலும் முகம் வீங்கி, சோர்ந்து, மனமும் உடலும் தளர்ந்திருந்தார்கள். அதை மறைக்காமல் 1883இல் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர்கள் முன் எடுத்துச் சொன்னார். தைராய்டு உடலுக்கு இன்றியமையாதது என்ற அறிவுக்கு அந்த மறு அழைப்பு பெருந்துணை செய்தது. இன்று நானும் என் போன்றோரும் அகற்றப்பட்ட சுரப்பியின் ஹார்மோனுக்கு ஈடாகத் தினமும் விழுங்கும் தைராக்சின் மாத்திரையின் பின்னணியில், ஆறிய காயத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் நோயாளியைத் திரும்ப அழைத்து விசாரித்த அந்தச் செயலும் இருக்கிறது. தழும்பின் துயரத்தை அந்தப் பெருந்துயரத்தோடு சமமாக வைக்கிறேன் என்று எண்ண வேண்டாம். விசாரிக்கும் முறை ஒன்றுதான் என்கிறேன்.

தழும்பை அளப்பதற்கு உங்கள் கைவசம் கருவிகளும் உள்ளன. 1990இல் தீக்காயத் தழும்புகளுக்காக வந்த வான்கூவர் அளவுகோல், நிறம், ரத்த ஓட்டம், மென்மை, உயரம் ஆகியவற்றை மருத்துவரின் கண்ணாலும் கையாலும் மதிப்பிடுகிறது. அதில் நோயாளிக்கு வாயே இல்லை. இக்குறையை உணர்ந்து 2004இல் நெதர்லாந்தில் உருவாக்கப்பட்ட இன்னோர் அளவுகோல், பார்ப்பவருக்கு ஒரு படிவமும் தழும்பை உடையவருக்கு ஒரு படிவமும் தந்து, வலிக்கிறதா, அரிக்கிறதா, இறுக்கமாக இருக்கிறதா, நிறம் வேறுபட்டிருக்கிறதா என்று உடையவரிடமே கேட்கிறது. இரண்டு மதிப்பெண்களும் ஒத்துப்போகாத இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. 2014இல் தென்கொரியாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வு, தைராய்டுப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரத்தைத் தோல் நோயாளிகளுக்கான வினாப்பட்டியலைக் கொண்டு அளந்து பார்த்தது. தழும்பால் அவர்கள் அடைந்த பாதிப்பு, சொரியாசிஸ், வெண்புள்ளி போன்ற தோல் நோய்களால் வரும் பாதிப்புக்கு நிகராக இருந்தது. தடித்து எழும்பிய தழும்பு உடையவர்களுக்கும் மெல்லிய கோடாகப் படிந்த தழும்பு உடையவர்களுக்கும் அந்தப் பாதிப்பில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பது அதைவிடக் கவனத்திற்குரியது. பார்க்கும் மருத்துவருக்கு மிக அழகாக ஆறிய தழும்பு, உடையவருக்கு ஆறாததாக இருக்க முடியும். கண்ணால் பார்த்து மட்டும் இதை அறிய வழியில்லை, கேட்டால்தான் தெரியும்.

கேட்க வேண்டிய முதல் தருணம் அறுவைக்கு முன்பே வந்துவிடுகிறது. கீறல் எங்கே வரும் என்பதை, நோயாளி விழித்திருந்து நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும்போதே பேனாவால் குறித்துக்கொள்ளும் வழக்கம் உங்களில் பலரிடம் இருக்கிறது. படுக்கவைத்துக் கழுத்தைப் பின்னுக்கு வளைத்த பிறகு இயல்பான மடிப்புகள் மறைந்துவிடும் என்பதாலும், படுத்த நிலையில் நடுக்கழுத்தில் இருப்பதாகத் தெரிந்த கோடு எழுந்து உட்கார்ந்ததும் மார்பெலும்புக்கு அருகில் இறங்கிவிடக்கூடும் என்பதாலும் இது நல்ல வழக்கம். மிகத் தாழ்வாக, எலும்புக்கு மேலே விழும் தழும்பு இழுவிசையால் தடித்துப்போகும் வாய்ப்பு கூடுதல் என்பதை நீங்கள் அறிவீர்கள். என் வேண்டுகோள், குறிக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நோயாளியின் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுங்கள் என்பதே. எனக்கு அப்படிச் செய்தார்கள். கோட்டைப் பார்த்தேன், அது எவ்வளவு நீளம் என்று கேட்டேன், சுரப்பி பெரிதாக இருப்பதால் இன்னும் சிறிது நீளலாம் என்றார் மருத்துவர். வேறு இடம் சாத்தியமா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு அறிவில்லை, கேட்கவும் இல்லை. ஆனால் இது என் கழுத்தில் வரப்போகிற கோடு என்று தெரிந்துகொண்டு அறுவை அரங்குக்குள் போனதும், மயக்கம் தெளிந்து முதன்முறையாகக் கையால் தடவித் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல.

அப்போதே கேட்டுவைக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு: இவருக்கோ இவர் குடும்பத்தில் யாருக்கோ காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ தழும்பு எல்லை மீறித் தடித்து வளர்ந்திருக்கிறதா என்ற கேள்வி. கெலாய்டு எனப்படும் அந்த வளர்ச்சி கருநிறத் தோல் உடையவர்களுக்கும் இளவயதினருக்கும் மிகுதியாக வருகிறது. வந்தபின் வெட்டி எடுத்தால் மட்டும் போகாது, பலருக்கு மீண்டும் அதே இடத்தில் வளர்கிறது. முன்கூட்டித் தெரிந்தால் தையல் பிரித்த வாரத்திலிருந்தே கண்காணிக்கலாம். அதோடு, மாதிரியாகக் காட்டப்படும் புகைப்படங்களைப் பற்றியும் ஒரு சொல். வெண்ணிறத் தோலில், ஓராண்டு கழிந்து, நல்ல வெளிச்சத்தில் எடுத்த மிகச் சிறந்த படத்தை மட்டும் காட்டினால், கருநிறத் தோல் உடைய நோயாளி மூன்றாம் மாதத்தில் கண்ணாடியில் காணும் கரும்பழுப்புக் கோட்டை விபரீதம் என்றே நினைப்பார். சாதாரணமாக ஆறிய கழுத்துகளின் படங்களை, பல நிறத் தோல்களில், முதல் வாரம், மூன்றாம் மாதம், ஓராண்டு என்று வரிசையாகக் காட்டுங்கள்.

தழும்பே தெரியாத அறுவை என்று விளம்பரப்படுத்தப்படும் முறைகளைப் பற்றிக் கேட்காத நோயாளி இன்று அரிது. 1996இல் பாராதைராய்டுச் சுரப்பியை எண்டோஸ்கோப்பி வழியாக, அதாவது சிறு துளைகளில் கேமராவைச் செலுத்தி, எடுத்ததில் தொடங்கி, 2000 வாக்கில் ஜப்பானில் அக்குள் வழியாகவும், 2007இல் சியோலில் ரோபோவின் உதவியுடன் அதே அக்குள் வழியாகவும், பின்னர் கீழுதட்டின் உட்புறம் வழியாகவும் தைராய்டை அணுகும் முறைகள் வளர்ந்திருக்கின்றன. உதட்டு வழி முறையைப் பரவலாக்கியது, பாங்காக்கைச் சேர்ந்த ஆங்கூன் அனுவோங் தம் முதல் 60 நோயாளிகளைப் பற்றி 2016இல் வெளியிட்ட கட்டுரை. கழுத்தில் தழும்பு இல்லாமல் செய்ய மருத்துவர்கள் இத்தனை ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள் என்பதே, தழும்பு அற்பமான கவலை அன்று என்பதற்குச் சான்று. ஆயினும் இங்கே நேர்மை மிக அவசியம். அக்குள் வழியில் தழும்பு இடம் மாறுகிறது, இல்லாமல் போவதில்லை. தோலுக்கடியில் நெடுந்தூரம் குடைந்து வர வேண்டியிருக்கிறது. உதட்டு வழியில் முகவாய்க்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டுக் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும் வாய்ப்பு உண்டு. பெரிய கட்டிக்கும், பக்கவாட்டு நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோய்க்கும் இம்முறைகள் பெரும்பாலும் ஏற்றவை அல்ல. செய்பவரின் அனுபவமும் அதில் பெரும்பங்கு வகிக்கிறது. கழுத்துக் கோட்டுக்கு அஞ்சும் ஒருவர் அந்த அச்சத்தினாலேயே தமக்குப் பொருந்தாத அறுவையைத் தேடிப் போய்விடக்கூடும். நீங்களே முன்வந்து தழும்பைப் பற்றிப் பேசியிருந்தால் அவர் விளம்பரத்திடம் போய்ப் பேச வேண்டியிருக்காது.

இன்னொரு தருணம் இதற்கும் முந்தியது. ஜப்பானின் கோபே நகரிலுள்ள குமா மருத்துவமனையில் 1993 முதல், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த பாப்பில்லரிக் கட்டிகளை அறுக்காமல் ஸ்கேன் மூலம் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பத்தாண்டுகள் கழிந்தும் அவற்றில் பெரும்பாலானவை குறிப்பிடத்தக்க அளவு வளரவில்லை. தென்கொரியாவிலோ பரவலான ஸ்கேன் பரிசோதனையால் 2011இல் தைராய்டுப் புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று; அந்நோயால் இறந்தோர் விகிதம் மாறவில்லை. கண்டறியப்பட்ட கிட்டத்தட்ட எல்லாருமே கத்திக்குச் சென்றார்கள். எனவே கண்காணிப்பா அறுவையா என்று தேர்வு செய்யும் இடத்தில் இருக்கும் நோயாளிக்கு நன்மை தீமைகளை எடுத்துச் சொல்லும்போது, குரல், கால்சியம், வாழ்நாள் முழுதும் மாத்திரை ஆகியவற்றோடு தழும்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அறுவைக்குப் பின் வரும் காலத்தைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல் அதிகம். முதல் வாரத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் தழும்பு, தோலுக்கு வலுவூட்டும் கொலாஜன் என்ற புரதம் புதிதாகக் குவியும் இரண்டாம் மூன்றாம் மாதங்களில் சிவந்தும் கறுத்தும் தடிப்பது இயல்பு. அது தணிந்து மென்மையாகி வெளிறுவதற்கு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ ஆகலாம். தோலின் பழைய வலிமையில் ஐந்தில் நான்கு பங்கே அந்த இடத்திற்கு எப்போதும் திரும்பும். இவை பாடநூலின் முதல் பக்கங்களில் உள்ள செய்திகள். நோயாளி அறிந்ததோ, முதல் வாரத்தில் "அருமையாக ஆறியிருக்கிறது" என்று சொல்லப்பட்ட தழும்பு மூன்றாம் மாதத்தில் மோசமாகிவிட்டது என்பது மட்டுமே. அவர் கெட்டுப்போனது என்று நினைத்து இரவில் கண்ணாடி முன் நின்று கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அதற்குள்ளே, கட்டி மீண்டும் வந்துவிட்டதோ என்ற அச்சமும் புகுந்துகொள்கிறது. தழும்புக்கு மேலே சற்று வீங்கியிருந்தாலே போதும், அச்சம் உறுதியாகிவிடும். மூன்றாம் மாதத்தில் இது இப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று டிஸ்சார்ஜ் தாளில் இரண்டு வரி எழுதியிருந்தால் எத்தனை பேரின் உறக்கம் கெடாமல் இருந்திருக்கும்.

செய்யக்கூடிய காரியங்களும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். காயம் முழுதாக மூடிய பிறகு சிலிக்கோன் ஜெல்லையோ பட்டையையோ நாளின் பெரும்பகுதி, இரண்டு மூன்று மாதங்களுக்குப் பயன்படுத்தலாம். அதன் பயன் அளவானதுதான் என்பதையும் மறைக்காமல் சொல்லலாம். வெயில் படாமல் காப்பது, சன்ஸ்கிரீன் தடவுவது, உள்ளே ஒட்டாமல் இருக்க விரலால் மெல்ல அழுத்தித் தேய்ப்பது, கழுத்தை மெதுவாகத் திருப்பும் பயிற்சி ஆகியவற்றை எப்போது தொடங்கலாம் என்று சொல்லலாம். தடித்துக்கொண்டே போனால் ஸ்டீராய்டு ஊசி, லேசர் போன்ற வழிகள் உண்டு, தோல் மருத்துவரிடம் அனுப்ப முடியும் என்ற ஒரு வாக்கியம் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வழி உண்டு என்று அறியாதவர் கேட்பதில்லை. ஓராண்டு கழித்து நான் சந்தித்த சிலர், தொடக்கத்திலேயே ஊசி போட்டிருந்தால் அடங்கியிருக்கக்கூடிய கெலாய்டைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எல்லாருக்கும் தழும்பு துயரம் தருகிறது என்று நான் சொல்லவில்லை. அதைக் கவனிப்பதையே மறந்துவிட்டவர்கள் ஏராளம். முதியவர்களில் பலருக்குக் கோடு மடிப்புக்குள் மறைந்துவிடுகிறது. நோயை வென்றதற்கான அடையாளம் என்று பெருமையோடு திறந்து காட்டும் இளம்பெண்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் மங்கவைக்கும் கிரீமைப் பரிந்துரைத்தால் புண்படுவார்கள். ஆனால் அறுபது வயதுக்காரர் கவலைப்படமாட்டார், திருமணமாகாத பெண் கட்டாயம் கவலைப்படுவார், ஆணுக்குக் கவலையே இராது என்று வயதையும் பாலினத்தையும் வைத்து முடிவு கட்டுவது பலமுறை பொய்த்துப்போவதை நேரில் கண்டிருக்கிறேன்.

கேட்கும் விதமும் முக்கியம். "தழும்பு ஒன்றும் பிரச்சினை இல்லையே?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், பதில் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. "தெரியவே இல்லையே" என்று சொன்னால் கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. அதைவிட, "இந்தத் தழும்பு உங்களுக்கு எப்படி இருக்கிறது? பார்க்கும்போது, தொடும்போது, மற்றவர்கள் கேட்கும்போது?" என்று கேட்டுவிட்டுச் சில நொடிகள் காத்திருங்கள். வெளியே நீண்ட வரிசை இருப்பதை அறிவேன். ஒருவருக்கு ஐந்து நிமிடம்கூட ஒதுக்க முடியாத நாட்களில் இது கூடுதல் சுமை என்பதையும் உணர்கிறேன். நீங்கள் கேட்க முடியாதபோது செவிலியர் கேட்கலாம், அல்லது காத்திருக்கும் நேரத்தில் நிரப்பும் படிவத்தில் இரண்டு கேள்விகளாக அதைச் சேர்த்துவிடலாம். யார் கேட்டாலும், பதிலை நோயாளியின் சொல்லிலேயே கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். 'காயம் நன்று' என்ற வரிக்குக் கீழே 'விழுங்கும்போது இழுக்கிறது என்கிறார், வெளியே போகத் தயங்குகிறார்' என்ற வரியும் இருந்தால் அடுத்த முறை பார்க்கும் மருத்துவர் அங்கிருந்து தொடங்குவார்.

கடைசியாக, உங்களிடம் பயிலும் இளம் மருத்துவர்களைப் பற்றி. சுரப்பியை எடுத்து முடித்ததும் தோலை மூடும் வேலையைப் பல இடங்களில் அவர்கள்தான் செய்கிறார்கள். நரம்பைக் காப்பது எப்படி என்று அருகில் நின்று கற்பிக்கும் நீங்கள், தசையின் படலங்களைச் சரியாகச் சேர்ப்பதையும், தோலின் இரு விளிம்புகளையும் இழுவிசையில்லாமல் சமமாகப் பொருத்துவதையும் அதே நிதானத்தோடு கற்பிக்க வேண்டுகிறேன். தையல் போட்ட பயிற்சி மருத்துவர் சில மாதங்களில் வேறு பிரிவுக்கு மாறிவிடுகிறார். தம் கையால் மூடிய கழுத்து ஓராண்டுக்குப் பின் எப்படி ஆனது என்பதைப் பெரும்பாலும் அவர் பார்ப்பதே இல்லை. ஓராண்டு மறுபரிசோதனைக்கு நோயாளிகள் வரும் நாளில் அவர்களையும் அழைத்து உட்காரவையுங்கள். கேள்வியை அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். நாங்கள் பதில் சொல்வோம்.

மிக்க நன்றியுடன்,
தைராய்டு அறுவை செய்துகொண்ட நோயாளி ஒருவர்